ஆறாயிரம் படியும் முந்நூற்று அறுபத்தைந்து படியும்

பீகிங்,
10-6-1956

அன்புள்ள கெங்காவுக்கு,

நலம். நீயும் உன் அப்பா அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒன்றரை வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கடம்பத்தூரில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் செவ்வாப்பேட்டை. அந்தத் தூரத்திலிருந்து ஒரு கார்டு போட முடியாதவன், கடல் தாண்டி வந்து உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். நீ சிரித்தாலும் தப்பில்லை.

நம் ஊர் நெல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் என்னையும் ஒரு குழுவில் சேர்த்துச் சீனாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எட்டுப் பேர் வந்திருக்கிறோம். இங்கே கூட்டுப் பண்ணை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய் அறிக்கை எழுத வேண்டும். செப்டம்பரில் திரும்புகிறோம். புறப்படும் முன் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கவும் செய்தேன். பிளாட்பாரத்தில் அடுத்த வண்டி வரும்வரை நின்றுவிட்டு, அதிலேயே ஏறிப் போய்விட்டேன். உன் அப்பா வாசலில் நின்று "வாங்க" என்று சொல்வாரா மாட்டாரா என்று யோசித்தே நேரம் போய்விட்டது.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பரசுராமனிடம் இருக்கிறது. சங்கத்து வேலையையும் நம் நிலத்தையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் வீடு கறையான் பிடித்துப் போகும். உனக்கு மனமிருந்தால் போய்த் திறந்து வைக்கலாம். செழியனுடைய பொருள்கள் எல்லாம் நீ வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நான் எதையும் தொடவில்லை.

கீழே உள்ள முகவரிக்கு எழுதினால் எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு அனுப்பி வைப்பார்கள். எழுதுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
தணிகாசலம்

---

முருகன் துணை

செவ்வாப்பேட்டை,
24-6-56

மாமாவுக்குக் கெங்கம்மாள் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தபால்காரர் சீனத்துத் தபால்தலையைப் பார்த்துவிட்டுத் தெரு முழுவதும் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். எதிர்வீட்டு ஞானம்மா ஓடிவந்து, "இன்னாடி, உங்க ஊட்டுக்காரரு பாம்பு துண்ற ஊருக்கா போய்க்கிறாரு? இங்க கூப்ட்டா வர மாட்டாரு, அங்க கூப்ட்டா போய்ட்டாரா?" என்று கேட்டாள். நான் சிரித்து வைத்தேன். ஊரில் மற்ற ஆண்கள் பட்டணத்துக்குப் போனாலே பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சாவியை நான் வாங்கப் போவதில்லை. அப்பா தினமும் கேட்கிறார்: "இன்னாத்துக்குமா போ மாட்டேன்ற? அவரு தான் ஊர்ல இல்லியே, போய்த் தொறந்து வச்சிட்டு வாயேன்." அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றாலும், நான் வாய்விட்டுச் சொன்னதை நீங்கள் காதில் வாங்கியதே இல்லை. எழுத்தில் இருந்தால் மறுபடி படிக்கலாம்.

இரண்டரை வருடத்துக்கு முன் தை மாதத்தில் வேலு டைபாய்டில் கிடந்தான். நீங்கள் வைத்த பெயர் செழியன்; எனக்கு அவன் என்றும் வேலுதான். இருபத்தொரு நாள் காய்ச்சல். பத்தொன்பதாம் நாள் நான் வேண்டிக்கொண்டேன்: இவன் எழுந்து உட்கார்ந்தால், ஆடிக் கிருத்திகைக்கு இவன் அப்பா காவடி எடுத்து உன் மலை ஏறுவார். எந்த மலை என்று எழுத எனக்குக் கை வராது. அது உங்கள் பெயர். பிள்ளை எழுந்தான், ரசம் சோறு கேட்டான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "காய்ச்சலை எறக்கினது டாக்டரு. வேணும்னா அவருக்குக் காவடி எடுக்குறேன்" என்றீர்கள். ஆடிக் கிருத்திகை அன்று காலையில் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, காஞ்சிபுரத்தில் கூட்டம் என்று கிளம்பிப் போனீர்கள். வேலு வாசல் வரை வந்து உங்களுக்கு டாட்டா காட்டினான்.

கார்த்திகையில் அவனுக்குத் தொண்டை கட்டியது. நாலே நாள். கொடுத்தவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், வாங்கியவர்கள் காப்பாற்றவில்லை. அவன் திரும்ப எடுத்துக்கொண்டான்.

உங்களால்தான் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். அந்த வீட்டை நீங்களே வந்து திறந்துகொள்ளுங்கள்.

அங்கே குளிரும் என்கிறார்கள். உங்களுக்கு மார்ச்சளி பிடிக்கும் உடம்பு. வெந்நீர் குடியுங்கள்.

கெங்கம்மாள்

---

தை-ஆன், ஷான்டுங் மாகாணம்,
13-7-1956

அன்புள்ள கெங்காவுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூன்று தடவை படித்தேன். அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் வாதம் செய்வதுபோல் ஆகிவிடும்.

இன்றைக்கு வேறொன்றை எழுத வேண்டும். மறைத்துவிடலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். குழுவில் இருக்கிறவர்கள் ஊருக்கு வந்து சொல்லி, பத்துப் பேர் வாய் வழியாக உன் காதுக்கு வருவதைவிட நானே எழுதுவது நல்லது. நேற்று நான் ஒரு மலை ஏறினேன். கோயில் மலை.

இந்த ஊரை ஒட்டியே தைஷான் என்ற மலை நிற்கிறது. சீனர்களுக்கு இதைவிடப் பெரிய மலை கிடையாதாம். உயரத்தில் அல்ல, மதிப்பில். ராஜாக்கள் எல்லாம் பட்டம் கட்டியதும் இங்கே வந்து வானத்துக்குப் பூசை போட்டிருக்கிறார்கள். பண்ணைகளைச் சுற்றிக் களைத்துப் போயிருந்த எங்களுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து, மலையைப் பார்த்து வாருங்கள் என்றார்கள். மொழிபெயர்ப்புக்கு லின் என்று ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை கல் படிகள். ஆறாயிரத்துச் சொச்சம் என்றாள் லின். இரண்டு பக்கமும் பாறையில் எழுத்துகள் வெட்டிச் சிவப்பு மை தீட்டியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் வழியை விட்டு விலகி ஓர் ஓடைக்குக் கூட்டிப் போனாள். ஓடையின் அடியில் களம்போல ஒரே பாறை. அதில் பௌத்த வேதம் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் முறம் அகலம். ஆயிரத்து நானூறு வருடமாகத் தண்ணீர் அதன்மேல் ஓடி, பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. மிச்சமிருப்பதை நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். வெட்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாதாம்.

வழியில் மரக்கிளைகளின் கவட்டில் எல்லாம் சின்னச் சின்னக் கற்கள் செருகியிருந்தன. என்ன என்று கேட்டேன். லின் முகம் சிவந்தாள். குழந்தை வேண்டும் என்று கேட்கும் பெண்கள் வைப்பதாம். "பழைய பழக்கம். படிப்பு வந்தால் போய்விடும். பத்து வருடத்தில் நீங்கள் வந்தால் ஒரு கல்கூட இருக்காது" என்றாள். கெங்கா, நான் சங்கத்து மேடையில் பேசுவதை அப்படியே யாரோ வேறு பாஷையில் ஒப்பிப்பதுபோல் இருந்தது. எனக்கு ஏனோ அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

பாதி மலையில் ஒரு வாசல். அங்கே தேநீர் கொடுத்தார்கள். மற்ற ஏழு பேரும் போதும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குமேல் படிகள் தென்னையில் சாத்திய ஏணி மாதிரி நிமிர்ந்து நின்றன. நான் மட்டும் எழுந்தேன். பாவம், லின்னும் கூடவே எழுந்தாள். ஏன் ஏறினேன் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை.

எனக்கு முன்னால் ஒரு கிழவி ஏறிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளின் காலை இறுக்கிக் கட்டி வளரவிடாமல் செய்வார்களாம். அப்படிக் கட்டிய கால்கள். நான்கு வயதுப் பிள்ளையின் பாதம் அளவுதான் இருக்கும். நடக்க முடியாமல் கையையும் ஊன்றித் தவழ்ந்து ஏறினாள். அவளுடைய மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன். முதலில் திருடன் என்று நினைத்துக் கத்தினாள். லின் சமாதானம் சொன்னாள்.

எதற்காக ஏறுகிறீர்கள் என்று லின்னைக் கேட்கச் சொன்னேன். மகன் கொரியா யுத்தத்துக்குப் போனபோது, அவன் திரும்பி வந்தால் மலை ஏறுகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். "வந்துவிட்டானா?" என்றேன். வரவில்லை என்று பதில் வந்தது. பிறகு ஏன் ஏற வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். லின் தயங்கித் தயங்கிக் கேட்டாள். கிழவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசினால் மூச்சு வாங்குகிறது. இன்னும் நிறையப் படி இருக்கிறது" என்றாளாம். அவ்வளவுதான்.

உச்சியில் அம்மன் கோயில். காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று கூரைக்கு வெண்கலத்திலும் இரும்பிலும் ஓடு போட்டிருக்கிறார்கள். அந்த வாசலில் நான் ஒரு காரியம் செய்தேன். பூட்சைக் கழற்றி ஓரமாக வைத்தேன். காலுறையையும் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை; கை தானாகக் கழற்றிவிட்டது. இங்கே யாரும் கோயிலுக்குச் செருப்பைக் கழற்றுவதில்லை என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். ஏறி ஏறிக் கொப்புளித்துவிட்டது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அந்தக் கிழவி தன் மூட்டையைப் பிரித்து, பிளாஸ்கை எடுத்து, என்னைப் படியில் உட்கார வைத்து, குடிக்கக் கொண்டுவந்த வெந்நீரை என் கால்களில் ஊற்றினாள். வலி இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை.

கும்பிட்டீர்களா என்று கேட்பாய். கை குவியவில்லை. நின்றேன். அந்த அம்மன் குழந்தை வரம் கொடுப்பவளாம். செழியன் இருந்தால் இப்போது எட்டு வயது, இந்த ஆறாயிரம் படியையும் என்னைவிட முன்னால் ஓடி ஏறியிருப்பான் என்று நினைத்தேன். அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். கால் வலி தாங்கவில்லை என்று மறுபடி நினைத்திருப்பார்கள்.

நடந்தது இவ்வளவுதான். நீ என்ன நினைத்தாலும் எழுது.

தணிகாசலம்

---

முருகன் துணை

செவ்வாப்பேட்டை,
27-7-56

மாமாவுக்கு,

கடிதம் இப்போதுதான் வந்தது. அடுப்பில் உலை கொதிக்கிறது, கொதிக்கட்டும்.

ஆறாயிரம் படி! இங்கே இருப்பது முந்நூற்று அறுபத்தைந்து. அரக்கோணத்தில் வண்டி மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விட்டு வரலாம். பெற்ற பிள்ளைக்காக அதை ஏற உங்கள் கொள்கை விடவில்லை. யாரோ ஒரு சீனத்து அம்மனுக்குக் கால் கழுவிக்கொண்டு போய் நின்றிருக்கிறீர்கள். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள் யாரும் இல்லை என்ற தைரியம்தானே?

அந்தக் கிழவியைப் பற்றி எதற்கு எழுதினீர்கள்? எனக்குப் புத்தி சொல்லவா? பிள்ளை போன பிறகும் ஏறுகிற பைத்தியக்காரி என்று சொல்லவா? அவளாவது சொன்ன சொல்லைத் தானே காப்பாற்றுகிறாள். அடுத்தவர் காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டிய தலையெழுத்து அவளுக்கு இல்லை.

இன்னும் நாலு நாளில் கிருத்திகை. நானே போகிறேன். நீங்கள் எடுக்காத காவடியை அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் எடுக்கிறேன். இனிமேல் எடுத்து என்ன வரப் போகிறது என்று அம்மா கேட்கிறாள். வராது. ஆனால் கடன் என்று ஒன்று இருந்தால் அது தீர வேண்டும். அதற்குப் பிறகு உங்களுக்கும் எனக்கும் பேச்சு ஒன்றுமில்லை.

கெங்கம்மாள்

---

செவ்வாப்பேட்டை,
3-8-56

மாமாவுக்கு,

இதை எழுத மூன்று நாளாயிற்று. என்னால் வரிசையாகத்தான் சொல்ல முடியும்.

கிருத்திகை அன்று காலையில் போய் இறங்கினோம். கூட்டம் சொல்லி முடியாது. மலை ஆந்திராக்காரர்களிடம் போய்விட்டது என்று பேச்சே தவிர, வந்தவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஜனம்தான். குளத்தில் முழுகிவிட்டுக் காவடி கட்டுகிற இடத்துக்குப் போனோம். வரிசையாக ஏழெட்டுப் பேர் கட்டிக் கொடுக்கிறார்கள். கூட்டம் குறைவாக இருந்தது என்று ஓரத்தில் இருந்த ஒருவரிடம் போனோம். துளசிராமன் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். மூங்கிலை வளைத்துக்கொண்டே, "எந்த ஊரும்மா, யார் பேருக்கு?" என்று கேட்டார். அங்கே அப்படிக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் முதல் பூவைக் கட்டுவார்களாம்.

"கடம்பத்தூர். வேலு பேருக்கு" என்றேன்.

அவர் கை நின்றது. "கடம்பத்தூரா? வேலு மட்டுமா, செழியனும் உண்டா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாதான், "இன்னா நைனா, உனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே கிருத்திகைக்கு ஒருத்தரு வந்தாரு. கறுப்புச் சட்டை போட்டுக்கினு வந்து காவடி கட்டுன்னாரு. நான் கேலி பண்ண வந்துகிறாருன்னு நெனச்சி ஒத்துடா, தூரப் போன்னேன். போவல. நின்னுகினே இருந்தாரு. யார் பேருக்குன்னேன். செழியன்னு சொன்னாரு. பூவக் கட்டப் போனா, கையப் புடிச்சிட்டு, 'இருப்பா, அவங்கம்மா வேலுன்னுதான் கூப்புடுவா. சாமிக்கு அந்தப் பேருதான் தெரியும். ரெண்டையும் சொல்லிக் கட்டு'ன்னாரு. நானும் இருவது வருசமாக் கட்டிக்கினு இருக்கேன், ஒரு காவடிக்கு ரெண்டு பேரு அவரு ஒருத்தருதான் சொன்னாரு. அதான் மறக்கல."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துளசிராமன் பேசிக்கொண்டே இருந்தார். "பாட்டுப் பாடத் தெரியாதுன்னாரு. அரோகரான்னு சொல்லவும் வாய் வரல. சட்டையக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு, வாய மூடிக்கினே வெயில்ல ஏறிப் போனாரு. எறங்கி வந்ததும் யாரோ தெரிஞ்சவங்களப் பாத்துட்டாரு போல, சட்டையக்கூட வாங்காம ஓடிட்டாரு. அவருக்கு இன்னாம்மா பேரு?" என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வேன். மலையைக் காட்டினேன்.

அவர் பெட்டியின் அடியிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு நூல் இல்லை என்று காலரில் நான் வெள்ளை நூல் போட்டுத் தைத்தது அப்படியே இருக்கிறது. ரயிலில் யாரோ திருடிவிட்டார்கள் என்று நீங்கள் சொன்ன சட்டை.

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். நான் காவடி எடுக்கவில்லை. எடுத்து முடித்த காவடியை மறுபடி எதற்கு எடுப்பது?

மாமா, நீங்கள் ஏறியிருக்கிறீர்கள். வேண்டுதல் தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகும் அவன் என் பிள்ளையை எடுத்துக்கொண்டான். இது உங்களுக்குத் தெரியும். அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு, அத்தனை பேர் முன்னால் "உங்களாலதான்" என்று நான் கத்தினபோதும் தெரியும். அப்பா உங்களை அடிக்கக் கை ஓங்கினபோதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? இரண்டு வருடமாக நான் உங்களைச் சபிக்காத நாள் இல்லை. ஏன் என்னைச் சபிக்க விட்டீர்கள்?

இதற்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

கெங்கா

---

பீகிங்,
18-8-1956

அன்புள்ள கெங்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு, இரண்டாவதைப் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். முதல் காரணம் வெட்கம்தான். அதை அலங்காரம் பண்ணிச் சொல்ல விரும்பவில்லை. அன்று காஞ்சிபுரத்தில் கூட்டம் இருந்தது உண்மை. அரக்கோணத்தில் காஞ்சிபுரம் வண்டிக்குக் காத்துக்கொண்டு நின்றேன். செழியன் வாசலில் நின்று கை காட்டினது கண்ணிலேயே நின்றது. எதிர் பிளாட்பாரத்தில் காவடிக்காரர்களை ஏற்றிக்கொண்டு திருத்தணி வண்டி நின்றது. அதில் ஏறிவிட்டேன். எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை, கெங்கா. இன்றும் வரவில்லை. ஆனால் என் பிள்ளைக்காக நீ ஒரு சொல் கொடுத்திருந்தாய். ஒருவேளை, ஒரே ஒருவேளை அது நிஜமாக இருந்தால் என்ற பயம். அந்த ஒருவேளையை வைத்துச் சூதாட எனக்குத் தைரியம் இல்லை. மேடையில் அப்படிப் பேசுகிறவனுக்கு இவ்வளவுதான் தைரியம். இறங்கி வந்தபோது கூட்டுறவு இலாகாக்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்ப்பதற்குள் ஓடினேன்.

பொங்கல் அன்று உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். பொங்கலுக்கு முன்னால் அவன் போய்விட்டான்.

நீ "உங்களாலதான்" என்று சொன்னபோது நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் என் பெயர் தப்பித்திருக்கும். அப்புறம் நீ யாரைக் கேட்பாய்? எனக்கு அந்த மலையில் யாரும் இல்லை, உனக்கு இருக்கிறான். பிள்ளையும் போய், அவனும் போய்விட்டால் உனக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தேன். என்னைத் திட்டினால் நான் தாங்குவேன், சோறு தின்பேன், சங்கத்துக்குப் போவேன். அதனால் விட்டுவிட்டேன். நான் பெரிய தியாகம் பண்ணினேன் என்று நினைக்காதே. பல நாள் உன்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. சீனத்து மலையைப் பற்றி எழுதியதும் அந்தக் கோபத்தில்தான். நான் மலை ஏறாதவன் இல்லை என்று எப்படியாவது உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லாமல் சொல்லப் பார்த்தேன். அது உன்னை இந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

உன் கடைசிக் கடிதத்தின் தலையில் நீ எப்போதும் எழுதும் இரண்டு சொற்கள் இல்லை. நான் பயந்தது அதற்குத்தான். எனக்காக அதை மறுபடி எழுது. நான் இப்படிக் கேட்பதைக் கேட்டால் சங்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுத மாட்டேன், எப்போதும் சொல்லவும் மாட்டேன். நீ கேட்காதே.

செப்டம்பர் எட்டாம் தேதி முதல் பன்னிரண்டாம் தேதி வரை கல்கத்தாவில் இருப்போம். முகவரி பின்பக்கம்.

தணிகாசலம்

---

கடம்பத்தூர்,
4-9-56

மாமாவுக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். முந்தாநாள் வந்தேன். பரசுராமன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கறையான் வடக்குச் சுவரில் மட்டும்தான். தட்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.

தலையில் அந்தச் சொற்களை எழுதச் சொன்னீர்கள். நீங்கள் கேட்டதற்காக எழுத முடியாது. எனக்கும் அவனுக்கும் வழக்கு இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கை தானாக எழுதும் நாளில் எழுதுகிறேன்.

நீங்கள் எழுத மாட்டேன் என்ற இன்னொரு காரணத்தை நான் எழுதுகிறேன்.

அந்தக் கார்த்திகையில் நீங்கள் சங்க வேலையாகச் சென்னையில் இருந்தீர்கள். முதல் நாள் வேலு தண்ணீர் விழுங்க முடியவில்லை என்றான். இரண்டாம் நாள் கழுத்து வீங்கியது. பரசுராமன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, வண்டி பூட்டட்டா? திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு வந்துருவோம்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். தையில் பிழைக்க வைத்தவன் இப்போதும் வைப்பான் என்று தொண்டையில் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாளும் அவர் வந்து கேட்டார். இரண்டு நாள் பொறுக்கலாம் என்றேன். நாலாம் நாள் காலையில் நீங்கள் வந்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினீர்கள். மத்தியானம் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

டாக்டர் உங்களை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். "ரெண்டு நாளைக்கு முன்னாடி கொண்டாந்திருந்தா ஒரு ஊசியில பொழைச்சிருப்பான்" என்றார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். எனக்கும் கேட்டது. நீங்கள் உள்ளே வந்தபோது, "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல" என்றீர்கள்.

எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கதவோரம் நின்றதை நீங்கள் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வீர்கள், இப்போது சொல்வீர்கள் என்று. நீங்கள் சொல்வதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "உங்களாலதான்" என்று கத்தினேன். காவடி எனக்குச் சாக்காகக் கிடைத்தது. செவ்வாப்பேட்டைக்கு நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாத மனுஷனுக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சோறு போட முடியவில்லை. நீங்கள் மலை ஏறினது எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் நிஜம். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும்.

வேண்டுதலை உங்கள் தலையில் கட்டினதும் நான்தான். என் காலை வைத்தே வேண்டியிருக்கலாம். நீங்கள் போக மாட்டீர்கள் என்று தெரிந்தே உங்கள் பெயரைச் சொன்னேன். நம்பாதவரையே கூட்டி வருகிறேன் என்றால் அவன் மனமிரங்குவான் என்று நினைத்தேன். அதையும் நீங்கள் செய்து முடித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள்.

கல்கத்தாவிலிருந்து நேராக வீட்டுக்கு வாருங்கள். குளியுங்கள், சாப்பிடுங்கள். அப்புறம் டாக்டர் சொன்னதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிடுங்கள். திட்ட வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் உங்கள் வாயால் சொன்னால் போதும். நீங்கள் சீனாவில் அழுதேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

மாமா, அவனுக்காக நான் இன்னும் அழவில்லை.

கெங்கா